அவுன்ஸ் கிளாஸில் அளந்த எண்ணெய்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் அந்த வீடு. சமையல் மேடையில் எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்திலேயே ஒரு அவுன்ஸ் கிளாஸ் இருக்கும். மருந்து அளக்கிற கிளாஸ். ஒரு அவுன்ஸ் என்றால் 30 மில்லி. கோடுகள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. ஆனாலும் தெருவே ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் அந்த வீட்டு அம்மா, கடுகு தாளிக்கிற எண்ணெயைக்கூட அதில் அளந்துதான் ஊற்றுவார். கண்ணளவு, கையளவு என்கிற பேச்சே அவரிடம் கிடையாது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் எதிர் ஃப்ளாட்டுப் பெண் வந்தாள். பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம். “ஆன்ட்டி, நியூட்ரிஷன் பிராக்டிகலுக்கு பார்லி வாட்டர் வருமாம். எங்க அம்மாவுக்குத் தெரியல, நீங்க சொல்லிக் குடுங்க” என்றாள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் இந்தப் படிப்பை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோதும் சத்துணவுப் பாடத்தைக் கைவிடவில்லை. இரண்டாவது செமஸ்டரிலேயே வந்துவிடுகிறது. சிஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தார். பார்லி கொதிக்கிற வாசனை ஹாலுக்குப் போனதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே எழுந்து வந்தார். “யாருக்கு உடம்பு சரியில்ல?”

அந்த வீட்டில் பார்லி வாசனைக்கு அப்படி ஒரு சரித்திரம் உண்டு.

சிஸ்டருக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். அங்கே ஒரு தெருவுக்கு ஒரு நர்ஸாவது இருப்பார். நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. நாசரேத்திலும் மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. நர்ஸ் படிப்பு என்பது அந்தப் பக்கத்தில் ஆச்சரியப்படும் விஷயமே இல்லை. ப்ளஸ் டூ முடிக்கிறவரை மகளை அடுப்பங்கரைக்குள் விடாத அம்மா அவருடையது. “ஏட்டி, நீ படிக்கிற சோலியப் பாரு. சோறு நான் பொங்குதேன்” என்பாராம். அப்படி வெந்நீர்கூட வைக்கத் தெரியாமல், நர்ஸ் படிப்புக்காக ஒரு டிரங்க் பெட்டியோடு தாம்பரத்தில் வந்து இறங்கியவர்தான் சிஸ்டர்.

அப்போது பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு ஓடியது மீட்டர் கேஜ் மின்ரயில். 1931-இல் ஆரம்பித்த அந்த ஓட்டம் 2004 ஜூலையோடு நின்றது. ஒல்லியான பெட்டிகள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பூக்காரம்மா, கொய்யாப்பழக்காரம்மா, கூட்டமாக ஏறும் நர்சிங் மாணவிகள். அவுட் பாஸ் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் பத்து ரூபாய்க்குக் கம்மல் வாங்கிக்கொண்டு, மசால் பூரி தின்று, வார்டன் மணி பார்ப்பதற்குள் ஹாஸ்டலுக்குள் ஓட வேண்டும்.

ஹாஸ்டலில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியும். ஏழு மணி டூட்டிக்குப் பாதி இட்லியோடு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். முதல் வருடம் முழுக்கக் கட்டில் விரிப்பு, பெட்பான், டெம்பரேச்சர் சார்ட். விரிப்பின் மூலையை ஹாஸ்பிடல் கார்னராக மடித்தால் கத்தி வைத்து வெட்டிய மாதிரி நிற்க வேண்டும்; டியூட்டர் விரலை விட்டு இழுத்துப் பார்ப்பார், கழன்றால் மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் போக, கேப். வெள்ளைத் துணிக் கேப்பை விறைப்பாக்குவது தனிக் கலை. கடையில் வாங்கும் ஸ்டார்ச்சுக்கு யாரிடம் காசு? மெஸ்ஸில் சோறு வடித்த கஞ்சியை ஆயாம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்து, நீர் விட்டுத் துணியில் வடிகட்டி, கேப்பை முக்கி, ஜன்னல் கண்ணாடியில் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் காலையில் அட்டையாக உரிந்து வரும். கஞ்சி கெட்டியாகிப் போனால் கேப்பில் பருக்கை ஒட்டிக்கொள்ளும். அதை எறும்பு மொய்க்க, எறும்போடு ரவுண்ட்ஸ் போய் மேட்ரனிடம் மாட்டிய தோழி ஒருத்தி இன்றைக்கும் போனில் பேசினால் அதைச் சொல்லித்தான் சிரிப்பாளாம். கேப்பே இப்போது பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் காணாமல் போய்விட்டது. கிருமி தங்கும் இடம் என்று சொன்னார்கள். போட்டுக்கொண்டு ஓட முடியாது என்று அதற்கு வெகுகாலம் முன்பே மாணவிகள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சிஸ்டர் முதன்முதலில் அடுப்பைப் பற்றவைத்தது அந்த முதல் வருடம்தான். இடம் வீட்டுச் சமையலறை அல்ல, நியூட்ரிஷன் லேப். வரிசையாக கேஸ் அடுப்பு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னத் தராசு, அளவு ஜாடி. பார்லி வாட்டர், ராகி மால்ட், கஸ்டர்ட், பாலில் முட்டை அடித்துக் கலக்கும் எக் ஃப்ளிப், பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து வடிகட்டும் வே வாட்டர், குழைவாக வேகவைத்த பருப்புச் சாதம். எல்லாம் நோயாளிக்கு. உப்பு கிராமில், எண்ணெய் மில்லியில், மொத்தம் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று ரெக்கார்டில் அட்டவணை. கிட்னி நோயாளிக்கு உப்பு இல்லை, அல்சர்காரருக்கு மிளகாய் இல்லை, டைபாய்டுக்கு நார் இல்லை. எக்ஸாமினர் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு “குட்” என்றார். நல்ல மார்க்.

இந்த மரபு பழசு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ புத்தகத்தில் சாப்பாட்டுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் உண்டு. எதைக் கொடுப்பது என்பதைப் போலவே எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதிலும் அந்த அம்மையார் கறாராக இருந்தார். நோயாளி தொடாத தட்டைப் பக்கத்திலேயே விட்டுவைக்கிற வழக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. சிஸ்டருக்கும் ஆகாது. சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே தட்டு போய்விடும் என்பது அந்த வீட்டில் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லும் குறை.

மூன்று வருட ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ படிப்பில் சானடோரியம் போஸ்டிங் வந்தது. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஸ்டேஷனுக்குப் பெயரே அதுதான். பச்சைமலை அடிவாரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இதைத் தொடங்குவதற்கு முன்பு சௌரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். 1917-இல் காசநோய் என்ற சந்தேகத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் நம் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். அந்தக் கும்பகோணத்துச் சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் கணக்கைவிடப் பெரிய சிக்கல் சாப்பாடுதான்.

மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும்தான் வைத்தியம். அந்த நம்பிக்கையை அசைத்த ஆராய்ச்சியும் நம் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் பால், முட்டையோடு சிகிச்சை; இன்னொரு பிரிவினருக்கு நெருக்கடியான வீட்டிலேயே, அங்கே கிடைக்கிற சாப்பாட்டோடு, அதே மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. 1959-இல் வெளியான இந்த முடிவுதான் உலகமெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் முறைக்கு வழிவிட்டது. சிஸ்டர் கல்யாணமான புதிதில் இதைக் கணவரிடம் பெருமையாகச் சொல்லப்போய், அவர் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். “சாப்பாடு எப்படி இருந்தாலும் ஆளு பொழச்சுக்குவான்னு மெட்ராஸ்லயே நிரூபிச்சுட்டாங்களாம். அந்த தைரியத்துலதான் எங்க வீட்டுல சமைக்கிறாங்க” என்று நண்பர்களிடம் சொல்லிவைத்தார். அந்தக் கதைக்கு 2023-இல் ஒரு மறுபக்கம் வந்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்ததில், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை சிஸ்டர் மடித்துக் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆனால் சானடோரியம் என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது ஆராய்ச்சி அல்ல. 1993-லிருந்து அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளும் வர ஆரம்பித்திருந்தார்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும் வந்தார்கள். வேறு இடங்களில் சேர்த்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் இலவச ஏ.ஆர்.டி. மாத்திரைத் திட்டம் 2004 ஏப்ரலில் நாடு முழுக்க எட்டே மருத்துவமனைகளில் தொடங்கியபோது அதில் தாம்பரமும் ஒன்று. இவர் படித்த காலத்தில் அதெல்லாம் இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை, பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், மற்றபடி சுத்தமாக வைத்துக்கொள்வது, சாப்பிட வைப்பது. சில சொந்தக்காரர்கள் தூக்குச்சட்டியை வார்டு வாசலில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போவார்கள்.

அந்த வார்டில் ஒரு லாரி டிரைவர், ஆந்திராக்காரர். வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிந்து, தண்ணீர் விழுங்கினாலே முகம் கோணும். சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டார். வயசான ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் மாணவியை அழைத்து வேலையைக் காட்டினார். சோற்றில் சூடான பால் விட்டுக் கரண்டிக் காம்பால் மசிக்கணும், மசித்ததை வடிகட்டணும், ஒரு சிட்டிகை சர்க்கரை, உப்பு வேண்டாம், காரம் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், ஆற விட்டு, மணிக்கட்டுக்கு மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு தெரியாவிட்டால் கொடுக்கலாம். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைக்காதே, பக்கவாட்டில் வை. மாணவி அரைமணி நேரம் உட்கார்ந்து ஊட்டினார். அவர் முழுசும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, உடைந்த தமிழில், “நல்லா இருக்கு சிஸ்டர். கொஞ்சம் ஆவக்காய் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். ஸ்டாஃப் நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாராம். மறுநாளும் அதே சோறு, அதே ஆவக்காய் விண்ணப்பம். தன் கையால் சமைத்து இன்னொருவர் ரசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று சிஸ்டர் சொல்வார். அதனாலோ என்னவோ, அந்தப் பக்குவம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கிண்டி தொழிற்பேட்டையில் லேத் டர்னர். பூர்வீகம் மதுராந்தகம் பக்கம். மாமியார் கைக்குழம்பு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். புது மருமகள் முதல் வாரம் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமியார் நிதானமாகக் கேட்டார்: “ஏம்மா, நம்ம வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே. எதுக்குப் பத்தியம்?”

குக்கர் அடுத்தது. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, குறைந்தது பதினைந்து நிமிடம். வீட்டுக் குக்கரின் வெயிட்டும் கிட்டத்தட்ட அதே 15 பவுண்டு அழுத்தத்தில்தான் தூக்கும். இது தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. விசில் எண்ணாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆவி வந்ததிலிருந்து நேரம் கணக்கிட்டு வேகவைத்தார். சோறு கூழாயிற்று, கிருமி ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்காது. கூழானதை வீணாக்க மனசில்லாமல் நீர் விட்டு வடிகட்டி யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டார். ஒருநாள் துவரம்பருப்பைக் குக்கர் நிறையப் போட்டு வைக்க, பருப்பு நுரை ஆவிக் குழாயை அடைத்து, விசிலே வராமல், கடைசியில் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டது. கூரையெல்லாம் மஞ்சள். வேலையிலிருந்து வந்த கணவர் ஸ்டூல் போட்டு ஏறிச் சுரண்ட ஆரம்பித்தார். திட்டுவார் என்று கீழே நின்ற மனைவிக்குக் கிடைத்ததோ பாடம். வால்வுக்குள் இருப்பது குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை, குக்கர் வெடிக்காமல் தன்னை உருக்கிக் காப்பாற்றுவதற்காகவே செய்தது என்று அவர் ஸ்டூல் மேல் நின்றபடியே விளக்கினார். பருப்பு தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் பால் திரிந்துபோனதென்று கொட்டப் போனதை மருமகள் ஓடிவந்து வாங்கி, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மாமனாருக்கு டம்ளரில் கொடுத்தது இன்னொரு நாள். “ஈஸியா ஜீரணமாகும் மாமா.” அவர் மரியாதைக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துளசிச் செடிக்கு ஊற்றினார்.

மாமியாரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்றால் அங்கே அளவு என்பதே கிடையாது.

“புளி எவ்வளவு அத்தை?”

“ஒரு எலுமிச்சங்காய் அளவு.”

“எலுமிச்சங்காய் சின்னதும் இருக்கு, பெரிசும் இருக்கே?”

“குழம்புக்குத் தக்கன.”

“உப்பு?”

“அதது கேக்கும்மா.”

மருமகள் சண்முகம் ரோட்டில் சின்னதும் பெரிசுமாக எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, மளிகைக்கடைத் தராசில் எடை போட்டுச் சராசரி எடுத்தார். அந்தக் கணக்கில் வைத்த வத்தக்குழம்பு நன்றாகவே வந்தது என்பது சிஸ்டரின் கட்சி. சாப்பிட்டவர்கள் கட்சி வேறு. உப்பு கேட்கும் என்கிறார்களே, அது யாருக்குக் கேட்கிறது என்பதுதான் பிரச்சினையே. கேட்காத காதுகளுக்கும் ஒரு வழி வேண்டாமா என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறவருக்கும் தோன்றுவதுண்டு.

மீன் விஷயம் இன்னும் மோசம். தன் ஊர்ப் பக்கத்துத் தேங்காய் அரைத்த மீன் குழம்பைக் கணவருக்குப் போட வேண்டும் என்று ஆசை. மஞ்சள், கல்லுப்பு போட்டு, சர்ஜரிக்கு ஸ்க்ரப் பண்ணுகிற நேரமும் முறையுமாக மீனைக் கழுவோ கழுவென்று கழுவியதில், மீனுக்கே தான் மீன் என்பது மறந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். “ஏட்டி, இதுல மீன எங்க?”

பிறகு ஒரு திருப்பம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சிஸ்டர் மறுபடி மாணவியானார். ஜி.என்.எம். முடித்தவர்கள் இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பகலில் வகுப்பு, வார்டு. சில வாரங்கள் நைட். மாமியார் ஊருக்குப் போயிருந்தார். அடுப்பு லேத் டர்னர் கைக்கு வந்தது.

மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துப் பார்க்கிறவருக்கு உப்புமா என்ன பெரிய காரியம் என்றுதான் அவரும் நினைத்தார். ரவையை வறுக்கவில்லை. அது கட்டியாகி, கரண்டியோடு சேர்ந்து பாத்திரமே தூக்கிக்கொண்டு வந்தது. ரசத்துக்குக் கட்டிப் பெருங்காயத்தை அப்படியே முழுசாகப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். இட்லி மாவைச் சித்திரை வெயிலில் பாத்திரத்தின் விளிம்புவரை நிரப்பி மூடிவைத்துவிட்டுத் தூங்கிப் போனார். விடிகாலையில் மாவு மேடையிலிருந்து இறங்கித் தரையில் போய்க்கொண்டிருந்தது. நைட் முடித்து வந்த மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட்டு, மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா ‘லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ்’ என்று சொன்னார். அடுத்த நாள் மைக்ரோபயாலஜி பரீட்சை. அவர் துடைத்துக்கொண்டிருந்தார், இவர் படித்துக்கொண்டிருந்தார்.

டூட்டி மாறும்போது நர்ஸ்கள் அடுத்தவருக்கு ‘ஓவர்’ கொடுப்பார்கள்: எந்த நோயாளிக்கு என்ன கொடுத்தாயிற்று, என்ன பாக்கி. வீட்டிலும் சிஸ்டர் ஒரு நோட்டுப் போட்டார். “பாப்பாவுக்குப் பால் 200 மி.லி., காலை 7. தோசை மாவு எஸ்.ஓ.எஸ்.” ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பகலில் எழுதியது நீல மையில், ராத்திரி எழுதியது சிவப்பு மையில். சிவப்பில் இருந்ததெல்லாம் ஏதோ ஆபத்து என்று நினைத்துக் கணவர் அதைத் தொடவே இல்லை. எஸ்.ஓ.எஸ். என்றால் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற செய்தி என்றுதான் அவர் படித்திருந்தார். அதைவிடக் கொடுமை, ஊசிப்போன குழம்புச் சட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இருந்த ‘என்.பி.ஓ.’ ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் கட்டிலில் தொங்குமே, வாய் வழியாக எதுவும் கொடுக்காதே என்று, அதே குறி. அது ஏதோ புதுக் குழம்பின் சுருக்கப் பெயர் என்று நினைத்து அவர் சூடு பண்ணிச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் வந்த மனைவிக்கு வார்டும் வீடும் ஒன்றாகத்தான் இருந்தது. பார்லி கொதித்தது.

மகளுக்கு அப்போது ஆறேழு வயது. டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே, “இன்னிக்கு அம்மா டூட்டியா, அப்பா டூட்டியா?” என்று தோழிகள் கேட்பார்களாம். காரமே இல்லாமல் இருந்தால் அம்மா டூட்டி. கருகியிருந்தால் அப்பா டூட்டி.

2015 டிசம்பர் மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணீரில் நின்றது. அங்கிருந்து கணவரின் தங்கை குடும்பம் குழந்தை குட்டிகளோடு படகில் ஏறி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, எப்படியோ சேலையூர் வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லை, மிக்ஸி இல்லை, கடை இல்லை. இருந்த அரிசியில் சிஸ்டர் கஞ்சி காய்ச்சினார். குழந்தைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, டீஸ்பூனைத் தலை தட்டி. கலக்கியவர் கணவர். “கண்ணீரைவிட உப்பா இருக்கக் கூடாது, வாயில வச்சுப் பாருங்க” என்று மனைவி சொல்ல, அவர் ஒவ்வொரு பாட்டிலையும் ருசி பார்த்தே பாதியைக் காலி பண்ணினார். வந்தவர்களில் யாரும் கஞ்சியில் காரம் போதாதென்று சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் வீட்டுக்குத் திரும்பும்போது, “அண்ணி, உங்க கஞ்சி நல்லா இருந்துச்சு, குழம்பு வேணா எங்க அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் கத்துக்குங்க” என்றாராம்.

தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். பசித்தால் போனில் பிரியாணி வரவழைக்கிறாள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்த காலமும், பாதரச தெர்மாமீட்டரை உதறிய காலமும் போனதை எதிர் ஃப்ளாட்டுப் பெண்ணுக்குச் சொன்னால் கதை கேட்கிற மாதிரி கேட்கிறாள். அவள் வகுப்பில் பையன்களும் உண்டு. பிராக்டிகலில் கஸ்டர்டு கட்டி தட்டாமல் காய்ச்சுகிறவன் அவர்களில் ஒருவன்தானாம்.

இப்போது லேத்துக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன்கூட முழுசாகக் கிடையாது. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் படித்துவிட்டு, “இத்தனை வருஷமா அதானே நடக்குது, இதுக்கு மேல எங்க கொறைக்கிறது?” என்று அவர் டாக்டரிடமே கேட்டுவிட்டார். மனைவி பதில் பேசவில்லை. தினமும் காலையில் பிரஷர் பார்த்து அதே பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். ஒர்க்‌ஷாப்பில், டூல்ஸ் பெட்டிக்கு அடியில், நண்பர் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருப்பது இதுவரை யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பிரஷர் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே சிஸ்டர் கேட்டார்: “என்னங்க, கிண்டியில ஊறுகா தீர்ந்துடுச்சா, இல்ல இன்னும் இருக்கா?”